டிஜே கண்ட்ரோலரில் செய்த பட்டன், பெயின்ட் வேலை பற்றிய புகார்

அனுப்புநர்:
மைக் செட், டிஜே தொழில் செய்பவர்,
சேரன்மகாதேவி, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: கண்ட்ரோலர் மாற்றியமைப்பில் குறைபாடு. வேலையைத் திரும்பச் செய்து தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ கோருதல்.

ஐயா, வணக்கம்.

பாட்டுகளைக் கலந்து ஓட்டும் என் டிஜே கண்ட்ரோலரில், சத்தம் எழுப்ப விரலால் அழுத்தும் எட்டு ரப்பர் பேடுகள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, வீடியோ கேம் மெஷின்களில் இருக்கிற மாதிரி ஆர்கேட் பட்டன் போடவும், மேல் மூடிக்குச் சிவப்பு பெயின்ட் அடிக்கவும் உங்களிடம் கொடுத்தேன். நீங்கள் கேட்ட 14,500 ரூபாயை முன்கூட்டியே கட்டிவிட்டேன். திரும்பி வந்த கருவியை வைத்து ஒரு நிகழ்ச்சியைக்கூட ஒழுங்காக நடத்த முடியவில்லை. போனில் சொன்னால், "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்கிறார்கள். அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

இந்த பட்டன் எனக்கு அழகுக்காக இல்லை. எங்கள் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் பதிவு செய்த உறுமி, பம்பை, தவில் அடிகளைத் துண்டு துண்டாக வெட்டி, பட்டனுக்கு ஒன்றாக வைத்து, பாட்டு ஓடும்போதே விரலால் வாசிக்கிறேன். கல்யாண வரவேற்புகளில் என்னைக் கூப்பிடுவதே அதற்காகத்தான். ரப்பர் பேடில் அழுத்தியது விழுந்ததா என்று விரலுக்குத் தெரியாது. ஆர்கேட் பட்டனில் உள்ளே மைக்ரோ ஸ்விட்ச் இருக்கிறது, 'டக்' என்று கைக்குத் தெரியும். மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே சத்தம்தான் வரும் என்று உங்கள் ஆள் முதலிலேயே சொன்னார். எனக்கு அது போதும் என்றுதான் ஒப்புக்கொண்டேன். அதில் புகார் இல்லை.

புகார் இதுதான். மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால், தொடாத நான்காவது பட்டனும் சேர்ந்து அடிக்கிறது. அம்பாசமுத்திரத்தில் ஒரு வரவேற்பில் உறுமி, பம்பை, தவில் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். அதற்குக் கீழ் வரிசையில் வைத்திருந்த ஹாரன் மண்டபமே அதிர அலறியது. மேடையில் பொண்ணு மாப்பிள்ளைக்குத் திருநீறு பூசிக்கொண்டிருந்த பெரியவர் கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆசீர்வாதம் பண்ணுத நேரத்துல ஏன்டே ஹாரன் அடிக்க?" என்று கேட்டார். அந்த வீட்டுக்காரர்கள் இனி என்னைக் கூப்பிடுவார்களா?

உங்கள் சர்வீஸ் ஆள் "அங்கேயே யாரிடமாவது திறந்து காட்டுங்கள்" என்று வாட்ஸப்பில் அனுப்பிய செய்தியை வைத்திருக்கிறேன். அதன்படி பாளையங்கோட்டையில் ஆம்ப் ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். இந்தக் கருவியில் எட்டு பேடுக்கும் எட்டுத் தனி ஒயர் கிடையாது. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கோடுகளில், எந்தக் குறுக்குக் கோடு எந்த நெடுக்குக் கோட்டோடு சேருகிறது என்பதை வைத்துத்தான் எந்த பட்டன் என்று கருவி கண்டுபிடிக்கிறது. கரண்ட் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வராமல் தடுக்க ஒவ்வொரு பேடுக்கும் ஒரு டயோடு இருக்கும். உங்கள் ஆட்கள் புது பட்டன்களின் ஒயரை அந்த டயோடுகளைத் தாண்டி நேரே கோட்டில் வைத்து ஈயம் பிடித்திருக்கிறார்கள். அப்புறம் எப்படி நான்காவது பட்டன் அடிக்காமல் இருக்கும்? எத்தனை நாள் பழகினாலும் இது சரியாகாது.

பில்லில் ஜப்பானின் சன்வா கம்பெனி 24 மி.மீ. பட்டன் என்று எழுதிப் பணம் வாங்கியிருக்கிறீர்கள். மாட்டியிருக்கும் பட்டன்களில் எங்கேயும் ஒரு பெயரும் இல்லை. இரண்டு பட்டன்கள் அழுத்தினால் உள்ளேயே நின்றுகொள்கின்றன, நகத்தால் நெம்பி எடுக்க வேண்டியிருக்கிறது. சன்வா பட்டன்தான் என்றால் வாங்கிய ரசீதைக் காட்டுங்கள்.

அடுத்து பெயின்ட். என் ஸ்பீக்கர் பாக்ஸ்கள் எல்லாம் சிவப்பு என்பதால் கண்ட்ரோலரும் அதே சிவப்பில் இருக்கட்டும் என்று கேட்டிருந்தேன். நிறம் சரியாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் மணிக்கட்டு படுகிற இடத்தில் தோல் உரிகிற மாதிரி உரிகிறது. உரிந்த இடத்தில் பழைய பிளாஸ்டிக்கின் பளபளப்பு அப்படியே இருக்கிறது, உப்புத்தாள் போட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. பிரைமரும் இல்லை, கறுப்பு பிளாஸ்டிக்கின் மேல் நேரே சிவப்புதான். மூடியைத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பிளாஸ்டிக் பிரைமர் அடித்து, மெல்லிசாகப் பல கோட்டிங் கொடுத்து, கடைசியில் நிறமில்லாத கிளியர் பூச்சு அடிப்போம் என்று உங்கள் விலைப்பட்டியலில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதில் எதைச் செய்தீர்கள்?

கிராஸ்ஃபேடர் என்ற நகர்த்தும் குமிழ் ஓடுகிற பிளவை டேப் ஒட்டி மறைக்காமல் அடித்ததால், பெயின்ட் உள்ளே வழிந்து ஓரத்தில் கடுகளவு உருண்டையாகக் காய்ந்திருக்கிறது. குமிழ் நடுவில் வரும்போது அதில் இடித்து நிற்கிறது. ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்கு மாறுகிற இடமே அதுதான். மூடியில் அச்சிட்டிருந்த எழுத்துகளும் மறைந்துவிட்டன. கிளியருக்கு அடியில் புது எழுத்து ஒட்டித் தருவதாகச் சொன்னதும் நடக்கவில்லை.

நான் கேட்பது: உங்கள் செலவில் கருவியை எடுத்துச் சென்று, டயோடு வழியாகவே ஒயரிங் செய்து, பில்லில் உள்ள பட்டனைப் போட்டு, ஃபேடரை மாற்றி, பழைய பெயின்ட்டை நீக்கித் திரும்ப அடித்து, எழுத்தும் ஒட்டித் தாருங்கள். நீக்கும்போது தின்னர் ஊற்ற வேண்டாம், பிளாஸ்டிக் இளகிவிடும். முடியாது என்றால் 14,500 ரூபாயும், பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவும் என் கணக்கில் வர வேண்டும். ஆடி மாதக் கொடைகளுக்கு முன்பணம் வாங்கியிருக்கிறேன், அதுவரை கருவி உங்களிடமே கிடந்தால் என் பிழைப்பு போய்விடும். எனவே எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. பில், உங்கள் விலைப்பட்டியல், வாட்ஸப் செய்தி, உரிந்த பெயின்ட்டின் படங்கள், மூன்று பட்டன் அழுத்தினால் நான்காவது அடிக்கும் வீடியோ எல்லாவற்றையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சேரன்மகாதேவி.