சால்ட்டேர் தொகுப்புக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ளவர்களுக்கு, வணக்கம்.

இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சால்ட்டேர் என்ற ஊரைக் கட்டிய நெசவாலை முதலாளி டைட்டஸ் சால்ட்டின் வாழ்க்கையையும் அவர் குடும்பம் விட்டுச்சென்றதையும் தமிழில் தொகுக்கக் கைகொடுத்த அனைவருக்கும் இந்த மடல். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால், செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி தறி தெரிந்த அன்பருக்கு. 1836 வாக்கில் லிவர்பூல் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்த அல்பாக்கா (ஒட்டக இனத்தைச் சேர்ந்த தென் அமெரிக்க விலங்கு) மயிரைச் சால்ட் வாங்கினார் என்பதோடு முதல் வரைவு நின்றிருந்தது. "வாங்கினார் சரி, நெய்தது எப்படி?" என்று கேட்டவர் இவர். விடை பாவில், அதாவது தறியில் நெடுக்காக ஓடும் நூலில், இருக்கிறது. அல்பாக்கா இழை நீளமானது, வழவழப்பானது. செம்மறி மயிருக்கென்று அமைந்த பொறியில் எளிதில் பிடிகொடுக்காது. சால்ட் பொறிகளை அதற்கேற்ப மாற்றினார். பாவுக்குப் பருத்தி நூல், குறுக்கே ஓடும் ஊடைக்கு அல்பாக்கா நூல் என்று வைத்தார். பருத்திப் பாவு தறியின் இழுவையைத் தாங்கியது, துணியும் கனக்கவில்லை, ஊடையின் மினுமினுப்பு மேலே தெரிந்தது. ஹாலிஃபாக்ஸ் அருகே பெஞ்சமின் அவுட்ரம் என்பவர் சால்ட்டுக்கு முன்பே அல்பாக்கா நெய்திருக்கிறார் என்பதையும் அதே அன்பர் எடுத்துக்காட்டினார். அதனால் 'கண்டுபிடித்தவர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'பெருந்தொழிலாக வளர்த்தவர்' என்று எழுதியிருக்கிறோம்.

ஆலைப் பகுதியைச் சரிபார்த்த பொறியாளருக்கும் கடமைப்பட்டுள்ளோம். சால்ட்டேர் ஆலை திறந்த நாள் 20-9-1853, சால்ட்டின் ஐம்பதாவது பிறந்தநாள். வழக்கமான ஆலைகளில் பொறிகளை ஓட்டும் சுழல்தண்டும் தோல்பட்டையும் தலைக்கு மேல் ஓடும். கையோ கூந்தலோ சிக்கினால் அவ்வளவுதான். இங்கே தண்டுகளில் பெரும்பகுதியைத் தரைக்கு அடியில் கொண்டுபோனார்கள். ஆபத்தும் இரைச்சலும் குறைந்தன. இதைப் படம் வரைந்து விளக்கியவர் அவரே. 250 அடிப் புகைபோக்கியோடு புகையைக் குறைக்கும் அடுப்பமைப்பும் இருந்ததைச் சேர்க்கச் சொன்னவரும் அவரே.

குடும்ப மரத்தைத் திருத்தியவர் பெரிய பிழையிலிருந்து காப்பாற்றினார். டைட்டஸ் என்ற பெயரில் தந்தையும் உண்டு, மகனும் உண்டு. 1869இல் பாரனெட் பட்டம் ('சர்' என்ற அடைமொழி தரும் பரம்பரைப் பட்டம்) பெற்றவர் தந்தை. 1876இல் அவர் மறைந்தபின் அது மூத்த மகன் வில்லியம் ஹென்றிக்குப் போனது. ஆலையைக் கவனித்த இளைய டைட்டஸுக்கு 'சர்' போடவே கூடாது. அவர் 1887இல் திடீரென இறந்தார். 1892இல் நிறுவனம் கலைக்கப்பட்டது, ஆலை குடும்பத்தின் கையைவிட்டுப் போனது. மனைவி கரோலின் பெயரும், அமீலியா, ஃபேனி, ஹெலன், ஏடா உள்ளிட்ட பிள்ளைகளின் பெயர்களும் இன்றும் சால்ட்டேர் தெருப் பலகைகளில் இருக்கின்றன.

புகழ்மாலையாக முடிந்துவிடாமல் தடுத்த ஆசிரியைக்குத் தனி நன்றி. வீட்டுக்கு வீடு தண்ணீரும் எரிவாயுவும் தந்த ஊரில் மதுக்கடைக்கு இடமில்லை. சிறுவர்கள் அரைநாள் பள்ளியிலும் அரைநாள் ஆலையிலும் இருந்தார்கள். இரண்டும் ஒரே பத்தியில் வரவேண்டும் என்று அவர் விடாமல் வற்புறுத்தினார். அது நியாயம்.

படங்கள் எடுத்துத் தந்தவருக்கும் நன்றி. சால்ட்டேரின் ராபர்ட்ஸ் பூங்காவில் உள்ள சால்ட் சிலையின் பீடத்தில் அல்பாக்காவும் அங்கோரா ஆடும் வெண்கலப் புடைப்பாக இருக்கின்றன. இரண்டு படங்களின் விளக்கமும் இடம்மாறி இருந்தது. "கொம்பு இருப்பது ஆடு" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினார். மாற்றிவிட்டோம்.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவினர்