கலைஞர் வீட்டு அடுப்படியையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர், பாடகர்கள், வாத்தியக்காரர்கள் ஆகியோரின் சொந்த வாழ்க்கையை எழுதும் நூல்களைக் கடுமையாகச் சாடியிருந்தார். பாட்டைக் கேட்டோமா, கையெடுத்துக் கும்பிட்டோமா என்று இருக்க வேண்டும், அவர்கள் வீட்டுக்குள் நமக்கென்ன வேலை என்று கேட்டிருந்தார். அவருடைய ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் அப்படி ஒரு வீட்டுக்குள் பிறந்து வளர்ந்தவள்.

என் அப்பா சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஹார்மோனியக்காரர் என்று சொன்னால்தான் பக்கத்துத் தோட்டங்களில் தெரியும். ஆடித் திருவிழா, தைப்பூசம், நாடகம், பஜனை எதுவானாலும் ஆள் விட்டு அழைப்பார்கள். போனால் இரண்டு நாள், மூன்று நாள். அந்த நாள்களில் அவருடைய நிரையையும், அதாவது அவர் பங்குக்கு விட்ட மர வரிசையையும், சேர்த்து வெட்டியது அம்மா. விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், தன் மரங்களை முடித்த கையோடு அப்பாவின் மரங்களுக்கு ஓடுவார். நாங்கள் பின்னாலேயே போய், பால் வடியும் மங்குக் கிண்ணங்களைத் துடைத்துக் கொடுப்போம். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் அப்பாவின் பேர் அடிபட்டுவிடக் கூடாது என்பதுதான் அம்மாவுக்கு எந்நேரமும் பயம். அந்த ஹார்மோனியமே அம்மாவின் தோட்டை அடகு வைத்து வாங்கியது. தோடு திரும்பி வரவில்லை. உளி பிடித்துப் பிடித்து அம்மாவின் ஆள்காட்டி விரல் மடங்கிப்போய், இன்றும் நேராக நிமிராது.

அப்பா இறந்த பிறகு கோயில் விழா மலரில் அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். ‘இசைக்கே தம் வாழ்வை அர்ப்பணித்தவர்’ என்று அன்போடுதான் எழுதியிருந்தார்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “நெரயப் பத்தி ஒன்னும் எழுதலையா?” என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

வாசகர் அஞ்சுவது வம்பை. அந்த அச்சம் நியாயமானது. 1940களில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ என்று பத்திரிகை நடத்தி, நடிகர்களின் அந்தரங்கத்தை அச்சடித்து விற்றார். 1944 நவம்பரில் அவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் கைதான தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1947இல்தான் விடுதலையானார்கள். தாம் நடித்த ‘ஹரிதாஸ்’ படம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் பாகவதர் சிறையில் இருந்தார். வெளியே வந்த பிறகு அந்தப் பழைய இடம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. அப்படிப்பட்ட எழுத்தை நானும் வெறுக்கிறேன்.

எது வம்பு, எது வரலாறு என்று பார்க்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான். இந்தச் செய்தியை எடுத்துவிட்டால் அந்தக் கலை உண்டான கதை குறைபடுமா? ‘என் சரித்திர’த்தில் உ.வே.சா. தம் தந்தை வேங்கடசுப்பையரைப் பற்றி எழுதுகிறார். கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் பயின்றவர். இராமாயணப் பிரசங்கம் செய்து, ஆதரிப்பவர் இருக்கும் ஊருக்கெல்லாம் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனவர். மூட்டை கட்டுவதும் அவிழ்ப்பதுமாக ஓடிய அந்த வாழ்க்கையைப் படித்தபோது என் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன். பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் வாழ்க்கையை அவர் மருமகன் டக்ளஸ் நைட் எழுதி 2010இல் வெளியிட்டார். பாட்டி வீணை தனம்மாள். தாய் ஜயம்மாள் பாட, மகள் ஆடினார். தேவதாசிக் குலத்தில் பிறந்த அந்தப் பெண்களின் வீட்டைச் சொல்லாமல் பாலாவின் அபிநயத்தை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் வந்த பிறகும் அவர் மேடையில் நின்று ஆடினார் என்பதன் கனம், குலத்தை மறைத்து எழுதினால் யாருக்குத் தெரியும்?

நம் மலேசியாவுக்கு வருவோம். மலாய்த் திரைப்பட நடிகரும் பாடகருமான பி. ரம்லி 1973இல் 44 வயதில் காலமானார். டான் ஸ்ரீ என்ற உயரிய அரசுப் பட்டம் வந்தது 1990இல். பட்டத்தை மட்டும் எழுதினால் நடுவில் இருக்கும் 17 வருடம் கண்ணுக்கே தெரியாது. பினாங்கிலிருந்து வந்த அல்லிகேட்ஸ் இசைக்குழுவின் லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் மலாய்ப் பாட்டால் நாட்டையே கட்டிப்போட்டவர்கள். எங்கள் தோட்டத்துக் கல்யாண வீடுகளில் அவர்கள் பாட்டு இல்லாமல் இருக்காது. லோகநாதன் 2007இல் மறைந்தார். ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் அந்த இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று நம் பிள்ளைகள் தமிழில் படிக்க வேண்டாமா?

தோட்டத்துக் கலைஞர்களுக்கு இதுவும் இல்லை. உறுமி அடித்தவர், நாதஸ்வரம் வாசித்தவர், நாடகத்தில் பெண் வேடம் கட்டியவர் என்று எத்தனையோ பேர். அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். அம்மா வெட்டிய மரங்கள் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. விவரம் சொல்லக்கூடிய கிழவிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஞாயிறு பதிப்பில் இவர்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள் ஐயா. வீட்டில் உள்ளவர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதட்டும். அவர்கள் வேண்டாம் என்று சொல்வதை விட்டுவிடட்டும். மாலை மரியாதையோடு மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.

அம்மாவுக்கு இப்போது 79 வயது. அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். நீங்கள் கேட்டால் அனுப்பி வைக்கிறேன். அப்பா குடித்துவிட்டு வந்து ஹார்மோனியத்தைத் தூக்கி வாசலில் எறிந்த ராத்திரியும் அதில் இருக்கிறது. இதை எழுதலாமா என்று அம்மாவிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “எழுது. மறுவாரமே அத ஒட்டவச்சுக் கொண்டுபோயி, மாரியம்மன் கோயில்ல விடியவிடிய வாசிச்சாரே, அதையும் எழுது” என்றார்.

இப்படிக்கு,
ஹார்மோனியக்காரர் மகள்,
சுங்கை சிப்புட், பேராக்