தேரைக்கு ஒரு பலகை வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மூடப்பட்ட கேளிக்கைப் பூங்கா சவாரிகள் பற்றிய ஞாயிறு கட்டுரையில், ஃபுளோரிடாவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் இருந்த 'மிஸ்டர் டோட்ஸ் வைல்டு ரைடு' பழசாகிப் போனதால் எடுக்கப்பட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். 1908இல் வந்த 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' நாவலின் கார் பைத்தியம் பிடித்த தேரைதான் அதன் நாயகன். 1971இல் பூங்கா திறந்த நாளிலிருந்தே ஓடிய சவாரி அது. இரண்டு தடங்கள், எதில் ஏறுகிறோமோ அதற்கேற்பக் காட்சிகள் மாறும், கடைசியில் ரயிலில் மோதி நேராக நரகத்துக்கே போய்விடுவோம் (நாவலில் நரகமெல்லாம் கிடையாது!). இதை வெறும் பழைய சாமான் என்று எப்படிச் சொல்வது? ரசிகர்கள் பூங்காவுக்குள்ளேயே கூடி எதிர்ப்புத் தெரிவித்தும் 1998 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1955இல் தொடங்கிய மூத்த சவாரி மட்டும் இன்னும் ஓடுகிறது.

அந்த இடத்துக்கு 1999இல் வின்னி த பூ என்ற கரடியின் சவாரி வந்தது. சரி, அதுவும் குழந்தைகள் புத்தகம்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் பேத்தியோடு அதில் போனபோது, பூ கதையில் வரும் ஆந்தையிடம் நம் பழைய தேரை வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்கும் படம் சுவரில் இருந்ததைப் பார்த்து "யார் தாத்தா இந்தத் தவளை?" என்று கேட்டாள், பதில் சொல்லி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. தெரிந்தவர்களுக்கு மட்டும் புரிகிற இந்த மாதிரி ஒளிவு மறைவு எதற்கு? வரிசையில் நிற்கும் இடத்திலேயே பழைய சவாரியின் பெயர், ஆண்டுகள், ஒரு புகைப்படத்தோடு சின்னப் பலகை ஒன்றை வைக்கலாமே.

ஒரு வாசகர்