டேட்டாபேஸ் தயாராகும் வரை ஆப் காத்திருக்கட்டும்

அன்புள்ள சிவா,

கடிதம் கிடைத்தது. ஜாங்கோ ஆப்பையும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸையும் டாக்கர் கம்போஸில் (தனித்தனிப் பெட்டி போன்ற பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் கருவி) முதல் தடவை கிளப்பும்போது மட்டும் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று ஆப் விழுகிறது, மறுபடி கிளப்பினால் ஓடுகிறது என்கிறாய். அப்படியானால் டேட்டாபேஸுக்கு நீ கொடுத்த ஹோஸ்ட் பெயர் சரிதான். லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்திருந்தால் எத்தனை தடவை கிளப்பினாலும் ஓடாது. கன்டெய்னருக்குள் அது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. ‘அது கிளம்பிய பிறகு இது’ என்று கம்போஸ் ஃபைலில் சொல்லும் டிபெண்ட்ஸ்-ஆனை வெறுமனே எழுதினால், டேட்டாபேஸ் கன்டெய்னர் கிளம்பியதா என்று மட்டும்தான் பார்க்கும். முதல் தடவை, டேட்டா தங்கும் வால்யூம் காலியாக இருப்பதால், போஸ்ட்கிரெஸ் எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கிய பிறகே பதில் சொல்லும். ஆகவே டேட்டாபேஸுக்கான ‘டிபி’ சர்வீஸில் ஹெல்த்செக் (தயாரா என்று சோதிக்கும் பகுதி) எழுது: போஸ்ட்கிரெஸ் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிஜி-இஸ்ரெடி கட்டளை, 5 விநாடிக்கு ஒரு முறை, 10 தடவை. ஆப் பக்கம் டிபெண்ட்ஸ்-ஆனுக்குக் கீழே கண்டிஷன் ‘சர்வீஸ்-ஹெல்தி’ என்று போடு.

இதிலும் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. போஸ்ட்கிரெஸ் இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) முதல் தடவை ஒரு தற்காலிக சர்வரைக் கிளப்பி, தொடக்க வேலைகளுக்கான இனிட் ஸ்கிரிப்டுகளை ஓட்டி, அதை நிறுத்திய பிறகே நிஜ சர்வரைத் தொடங்கும். தற்காலிக சர்வர், நெட்வொர்க் இல்லாமல் கன்டெய்னருக்குள்ளேயே பேசும் யூனிக்ஸ் சாக்கெட்டில் மட்டும் கேட்கும். ஹோஸ்ட் கொடுக்காத பிஜி-இஸ்ரெடியும் அதே சாக்கெட்டைத்தான் தட்டும்; ‘தயார்’ என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடும். அதில் ஹோஸ்டைச் சொல்லும் -ஹெச் போட்டு 127.0.0.1 (நெட்வொர்க் வழியாக அதே கன்டெய்னர்) கொடுத்தால் நிஜ சர்வர் வரும்வரை ஆப் பொறுத்திருக்கும்.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டை என்வ் ஃபைலில் (அமைப்பு மதிப்புகள் இருக்கும் ஃபைல்) மாற்றியும் பழையதையே கேட்கிறது என்றாயே, அந்த மதிப்பு டேட்டா டைரக்டரி காலியாக இருக்கும்போது மட்டுமே எடுபடும். பிறகு டேட்டாபேஸுக்குள் போய் ஆல்டர் ரோல் கட்டளை கொடுத்துத்தான் மாற்ற வேண்டும். அதற்காகக் கம்போஸில் ‘டவுன் -வி’ அடித்துவிடாதே. வால்யூமே போய்விடும், டேட்டாவும் அதோடு போகும்.

இமேஜுக்கு ‘லேட்டஸ்ட்’ வேண்டாம், பதிப்பு எண் 17 என்றே எழுது. 17 எழுதி வைத்த டைரக்டரியை 18 அப்படியே திறக்காது. டேட்டாவை ஒரு ஃபைலாக டம்ப் எடுத்து ஏற்ற வேண்டும். அதோடு 18-இல் வால்யூமை மாட்டும் பாதையும் மாறிவிட்டது, கடைசியில் வரும் ‘டேட்டா’ கிடையாது.

போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட்டை வெளியே திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆப் உள் நெட்வொர்க்கிலேயே பேசிக்கொள்ளும். உன் லேப்டாப்பிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 சேர்த்துக்கொள். டாக்கர் திறக்கும் போர்ட்டை லினக்ஸின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் தடுக்காது.

மாற்றிய பிறகும் விழுந்தால் ‘டிபி’யின் லாகை முழுதாக அனுப்பு. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரவி