உள்துறை அமைச்சுக்கு: ஸ்பெஷல் பிராஞ்ச் கோப்புகளைத் திறந்து விடுங்கள்

சிங்கப்பூர் உள்துறை அமைச்சில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். தேசிய சேவையின் இரண்டரை ஆண்டுகளைக் காவல்துறைச் சீருடையில் கழித்தவன் நான். அந்தச் சீருடை மேல் இன்றும் பாசம் உண்டு. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

நம் காவல்துறை பிறக்கும்போதே நேர்மையாகப் பிறந்துவிடவில்லை. 1951 அக்டோபரில் பொங்கோல் கடற்கரையில் சுமார் 4 லட்சம் வெள்ளி மதிப்புள்ள அபின் கொள்ளை போனது. அதில் போலீஸ் துப்பறிவாளர்களுக்கே பங்கு இருந்தது. லஞ்சத்தை விசாரிக்கும் பிரிவும் அப்போது அதே போலீசுக்குள்தான் இருந்தது. கூடவே வேலை பார்ப்பவனை யார் பிடிப்பார்கள்? மறு ஆண்டே அந்த வேலையைப் போலீசிடமிருந்து பிரித்து, லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவைத் தொடங்கினார்கள்.

2013 டிசம்பர் 8 லிட்டில் இந்தியா கலவரத்தை நம்மில் யார் மறப்பார்கள்? முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான குழு பகிரங்கமாக விசாரித்தது. அன்றிரவு களத்தில் தகவல் சரியாகப் போய்ச் சேராதது வரை எல்லாம் வெளியே வந்தது. காவல்துறை ஆணையரே சாட்சி சொல்ல வந்து, இன்னும் 1,000 அதிகாரிகள் வேண்டும் என்றார். செய்தியில் அதைப் படிக்கப் படிக்க மனசு கனத்தது. ஆனால் துறை மேல் இருந்த மதிப்பு கூடத்தான் செய்தது.

ராணுவமும் நம் கண்ணெதிரேதான் மாறியது. 1967இல் கட்டாய சேவை வந்தது, 2022இல் மின்னிலக்க, உளவுப் பணிக்கென்றே நான்காவது படை வந்தது.

உளவுத் துறையின் கதைதான் நமக்குத் தெரியவில்லை. பிரிட்டிஷார் வைத்திருந்த ஸ்பெஷல் பிராஞ்ச் என்ற போலீஸ் உளவுப் பிரிவு 1966இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையாக மாறியது. சரி, பெயரோடு வேறு என்ன மாறியது? 1951இல் தொழிற்சங்கவாதி தேவன் நாயரைப் பிரிட்டிஷார் பிடித்துக் காவலில் வைத்தார்கள். 1981இல் அவரே நாட்டின் அதிபர். அவரை ஆபத்தானவர் என்று எதை வைத்து எழுதினார்கள், அந்தக் கணிப்பு பிறகு எப்படித் திருத்தப்பட்டது என்பது நம் வரலாறு. 1963 பிப்ரவரி 2 அன்று நடந்த கோல்ட்ஸ்டோர் என்ற கைது நடவடிக்கையில் இடதுசாரிகள் என்று கருதப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள். அதைப் பற்றிப் பிரிட்டிஷ் அதிகாரிகள் என்ன எழுதிக்கொண்டார்கள் என்பதை லண்டன் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் படிக்கலாம். நம்முடைய கோப்பைப் படிக்க இங்கே வழியில்லை. இத்தனை ஆண்டு கழிந்தால் கோப்பு தானாகத் திறக்கும் என்ற விதியும் இல்லை. நம் மண்ணில் நடந்ததை அடுத்தவர் அலமாரியில் தேடுவது எனக்கு வலிக்கிறது.

இன்றைய ரகசியங்களைக் கேட்கவில்லை. பயங்கரவாத மிரட்டல் உண்மையானது, அதைத் தடுப்பவர்கள் மறைவில்தான் வேலை செய்ய முடியும். நான் கேட்பது 1966க்கு முந்தைய ஸ்பெஷல் பிராஞ்ச் கோப்புகளை. தகவல் கொடுத்தவர்களின் பெயரை மறைத்துவிட்டு, அவற்றைத் தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படையுங்கள். அதில் தமிழில் உள்ள தாள்களைத் தமிழாகவே படிக்க விடுங்கள். எதைத் தர முடியாதோ, அதற்கான காரணத்தை எழுத்தில் சொல்லுங்கள். பிடிபட்டவர்களில் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.

அன்புடன்,
முன்னாள் தேசிய சேவையாளர் ஒருவர்