கயிற்றில் ஏறி வந்த விளக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

பர்மிய விளக்குத் திருநாளான தடின்ஜூட் பௌர்ணமி கழிந்து இன்று ஐந்தாம் நாள். கெண்டைக்கால் இன்னும் விண்ணென்று தெறிக்கிறது. எழுபத்திரண்டு படி இறங்கி, எழுபத்திரண்டு படி ஏறிய வலி. இந்த வலி ஒரு நாள் வரவேண்டும் என்று ஏழு மாதம் வேண்டிக்கொண்டிருந்தவள் நான். இது ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச்சில் என் காலுக்கு என்ன நேர்ந்தது என்று இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேர் அன்றைக்கு ஓடி வந்தவர்கள். அதைத் திரும்ப எழுத மனம் வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

ஓடி வந்த அத்தனை பேரையும் முதலில் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அண்ணா, அண்ணி, என்னைக் குளிப்பாட்டித் தலை துவட்டிய உங்கள் கைகளுக்கு நான் என்ன சொல்லி முடிப்பது? வெள்ளிக்கிழமை தவறாமல் காளி கோயில் பிரசாதத்தைத் தூக்கில் கொண்டுவந்த அக்காமார்கள், வாரம் மூன்று நாள் வந்து காலை மடக்கி நீட்டிப் பழக்கிய நர்ஸம்மா, கொடுத்த பணத்தைப் பற்றி இன்றுவரை வாய் திறக்காத சித்தப்பா, தண்ணீர்க் கேன் சுமந்த மூன்றாம் மாடிப் பையன்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதம் எழுதும் கடன் எனக்கு உண்டு. ஆனால் இந்தக் கடிதத்தில் பெரும் இடத்தை வேறொருவருக்கு வைத்திருக்கிறேன். நீங்கள் வருத்தப்பட மாட்டீர்கள். மாடி ஏறுமுன் உங்களில் பலர் அவரிடம்தான் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தீர்கள்.

எங்கள் கட்டட வாசலில் வெற்றிலைக் கடை வைத்திருக்கும் ஊலேயைச் சொல்கிறேன். ஊலே என்றால் பர்மிய மொழியில் மாமா.

ரங்கூனில் மாடி வீட்டில் இருந்தவர்களுக்குக் கயிறு தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். அடியில் கிளிப், மேலே சிறு மணி. பேப்பர்காரர் பேப்பரைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை அசைத்தால் மேலே மணி அடிக்கும், நாம் இழுத்துக்கொள்ளலாம். லிஃப்ட் இல்லாத எங்கள் நாலாம் மாடிக்கு அதுதான் லிஃப்ட். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போன பிறகு, வெளி உலகத்தோடு எனக்கு இருந்த ஒரே தொடர்பும் அந்தக் கயிறுதான்.

ஏப்ரல் தண்ணீர்த் திருவிழாவுக்குச் சில நாள் முன்னால் தட்டோன் ஊரில் இருக்கும் நம் ஐயா எனக்குப் புத்தகம் அனுப்பினார். பஸ்ஸில் போட்டுவிட்டு, ‘படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்காதே, இதைப் பார்’ என்று ஒரு வரி. ஐந்து பைண்டு புத்தகங்கள். பொன்னியின் செல்வன். 1950இல் தொடங்கி மூன்றரை ஆண்டு கல்கி இதழில் வந்ததை, அவருடைய அப்பா வாரா வாரம் பிரித்தெடுத்து, மணியம் ஓவியங்களோடு சேர்த்துத் தைத்து வைத்தது. ஒரு பக்கம் வந்தியத்தேவன் குதிரை, புரட்டினால் பாதி நறுக்கிய தலைவலித் தைல விளம்பரம். அவர்கள் வீட்டில் நகைக்கு அடுத்தபடி பூட்டி வைத்த பொருள் அது. என்னை நம்பிக் கொடுத்தார்.

நான் பர்மியப் பள்ளியில் படித்தவள். 1965இல் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபின் என் தலைமுறைக்குத் தமிழ் என்றால் வீட்டுப் பேச்சு, கோடை விடுமுறையில் கோயில் வகுப்பு, அவ்வளவுதான். தேவாரம் பார்த்துப் படிப்பேன், கல்யாணப் பத்திரிகை படிப்பேன். ஒரு முழு நாவல் படித்ததில்லை. அதிலும் இது பழைய அச்சு. ‘லை’, ‘னை’ எல்லாம் தலைக்கு மேலே தும்பிக்கை தூக்கி நிற்கும். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்தைச் சீர்திருத்திய பிறகு வந்த வடிவம்தான் எனக்குத் தெரியும். முதல் அத்தியாயம் முடிய நான்கு நாள் ஆயிற்று. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். அவன் ஏரியைக் கடப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. விடவில்லை. பகலில் வலி மருந்தின் மயக்கம், மாலை நாலு மணிக்குமேல்தான் தலை தெளியும். தெளிந்து இரண்டு பக்கம் போவதற்குள் இருட்டிவிடும், கரண்ட் இருக்காது. நாற்காலியை பால்கனி விளிம்புக்கு இழுத்து, வானத்தில் மிச்சம் இருக்கும் வெளிச்சத்துக்கு நேரே புத்தகத்தைப் பிடித்துப் படிப்பேன்.

ஒரு நாள் மாலை மணி அடித்தது. தெருப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று விட்டுவிட்டேன். மறுபடியும் அடித்தது. இழுத்துப் பார்த்தால் கிளிப்பில் ஒரு சார்ஜ் லைட். கைப்பிடியில் சுண்ணாம்பு விரல் பதிந்திருந்தது. கூடவே சிகரெட் அட்டையில் பர்மிய எழுத்தில் ஒரு வரி: “தமீ, கண் கெட்டுவிடும்.” மகளே என்று கூப்பிட்டிருந்தார்.

அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வெற்றிலை மடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்திருக்கிறார். கடைக் கூரையில் அவர் வைத்திருப்பது ஒரே ஒரு சின்ன சோலார் தகடு. அந்த பாட்டரியில்தான் இரவு அவருடைய கடை விளக்கு எரியவேண்டும். அதில் எனக்கும் பங்கு வைத்தார்.

மறுநாள் காலை விளக்கைக் கிளிப்பில் மாட்டி ஆயிரம் சாட் நோட்டு ஒன்றையும் செருகி இறக்கினேன். மாலையில் விளக்கு ஏறி வந்தது, நோட்டும் ஏறி வந்தது. அன்றிலிருந்து காலையில் இறங்கும், மாலையில் ஏறும். மழைக்காலம் முழுவதும் பிளாஸ்டிக் பையில் சுற்றி அனுப்பினார். வெயில் இல்லாத நாளில் வெளிச்சம் மங்கலாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட இரண்டு இரவு அவருடைய கடை சீக்கிரமே இருட்டானதை மேலிருந்து பார்த்தேன். பார்த்துவிட்டுப் படிக்க முடியவில்லை. அணைத்து வைத்துவிட்டு அழுதேன். அடுத்த காலை அதைச் சொல்லி எழுதினேன். ‘மழை நாளில் வெற்றிலை விற்காது’ என்று பதில் வந்தது.

மே மாதக் கடைசியில் ஒரு சீட்டு: “இத்தனை நாள் அப்படி என்ன படிக்கிறாய்?”

என் இந்த ஆண்டின் பாதி அந்தக் கேள்வியில் இருக்கிறது. கதையைப் பர்மிய மொழியில் ஒரு பக்கத்துக்கு எழுதி, விளக்கோடு இறக்கினேன். மறுநாள் “பிறகு?” என்று மட்டும் வந்தது. அதன்பின் தினம் ஒரு சீட்டு. முந்தின இரவு படித்ததை நான் உண்மையாகப் புரிந்துகொண்டேனா என்பது காலையில் பர்மிய மொழியில் எழுத உட்காரும்போது தெரிந்துவிடும். புரியாத இடத்துக்குத் திரும்பிப் போய்ப் படிப்பேன். தமிழ் எனக்குள் இறங்கியது அந்த வழியில்தான். ‘புது வெள்ளம்’ முடிய ஏழு வாரம் எடுத்தவள், ‘தியாக சிகரம்’ பாகத்தை மூன்று வாரத்தில் முடித்தேன்.

சீட்டை அவர் மட்டும் படிக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. பக்கத்து டீக்கடையில் உரக்க வாசித்திருக்கிறார். சைக்கா என்னும் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர்கள், கோழி விற்கும் அம்மா, எல்லோரும் சோழ நாட்டில் இருந்தார்கள். வந்தியத்தேவனை அவர் ‘குதிரைக்காரப் பையன்’ என்றுதான் சொல்வார். ‘இவன் நம்ம சன்சித்தா மாதிரி’ என்று ஒரு நாள் எழுதினார். அரசனுக்குத் துணை போன வீரன், இளவரசியை அழைத்துவரப் போன இடத்தில் மனத்தைப் பறிகொடுத்தவன். பர்மாவின் பழைய தலைநகரான பகானின் கதை தெரிந்தவர்களுக்குப் பொருத்தம் புரியும். நானும் தேடிப் பார்த்து ஒன்று எழுதினேன். ராஜேந்திர சோழர் மறைந்த அதே 1044இல்தான் பகானில் அனவ்ரத்தா முடிசூடினார். நம் காளி கோயில் இருக்கிற சாலைக்கு அந்த அரசன் பெயர்தான், தட்டோன் ஐயா இன்னும் அதைப் பழைய பெயரில் பிரேசர் தெரு என்றே சொன்னாலும். அன்றாடம் நடந்த தெருவின் பெயரும் நான் படிக்கிற கதையும் இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கின்றன, எனக்குத் தெரியாமலே.

ஊமை ராணி மந்தாகினி அவருக்கு மிகவும் பிடித்துப்போனாள். ‘அவளைச் சாக விடாதே’ என்று ஒரு சீட்டு வந்தபோது நான் அந்த இடத்தைப் படித்து முடித்திருந்தேன். சுந்தர சோழர்மேல் எறிந்த வேலைத் தன் மேல் வாங்கிக்கொண்டு விழுகிறாள். இரண்டு நாள் வேறு எதையோ எழுதிச் சமாளித்தேன். மூன்றாம் நாள் எழுதி அனுப்பினேன். அன்று மாலை விளக்கு மட்டும் வந்தது, சீட்டு வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கடையில் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கூடி இந்தக் கதையைப் பேசும் நம் பதினொரு பேருக்கும் இங்கேயே நன்றி. மோல்மீன் அக்கா பூங்குழலி கட்சி, பெகு அண்ணன் வானதி கட்சி, சமாதானமே கிடையாது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். வியாசர்பாடித் தங்கச்சி அதற்காகவே காட்டுமன்னார்கோயிலுக்குப் பஸ் ஏறி, உடையார்குடிக் கல்வெட்டு இருக்கும் கோயில் சுவரைப் படம் எடுத்து அனுப்பினாள். கரிகாலனைக் கொன்றவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்களை வெட்டியிருக்கும் கல். அவளுடைய தாத்தா ரங்கூனிலிருந்து கப்பலில் போனவர். ஒரு கதைமேல் வைத்த பிரியம் மனிதர்களை இவ்வளவு தூரம் நடக்க வைக்கும் என்று நான் நினைத்ததில்லை.

பெகு அண்ணன்தான் பகான் கல்வெட்டைச் சொன்னார். 13ஆம் நூற்றாண்டு. மேலே வடமொழிச் சுலோகம், கீழே தமிழ். மலைமண்டலத்து, அதாவது இன்றைய கேரளத்து, மகோதயர் பட்டினத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், பகானில் இருந்த நானாதேசி விண்ணகரம் என்ற விஷ்ணு கோயிலுக்கு மண்டபமும் கதவும் கொடுத்து, அணையாமல் எரிய ஒரு நிலைவிளக்கும் வைத்ததாகச் சொல்கிறது. படித்ததும் உடம்பு சிலிர்த்தது. யாருக்கு முதலில் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். வெகு தூரத்திலிருந்து வந்த ஒருவர் உங்கள் நாட்டில் ஒரு விளக்கு வைத்துவிட்டுப் போனார், நீங்கள் அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எழுதினேன். பதில் வரவில்லை. மாலையில் வந்த விளக்கில் சுண்ணாம்புக் கறை இல்லை. துடைத்து அனுப்பியிருந்தார்.

இந்த ஆண்டு எனக்கு என்ன கொடுத்தது என்று யாராவது கேட்டால், மாறியவற்றில் ஒன்றைச் சொல்லத் தெரிகிறது. போன தீபாவளிக்கு நான் உதவி வாங்கக் கூச்சப்படுகிற ஆள். யார் என்ன கொடுத்தாலும் இரு மடங்காகத் திருப்பிக் கொடுத்தால்தான் தூக்கம் வரும். இந்த ஆண்டு வாங்கிக்கொள்ளக் கற்றேன். ஐயா இரண்டாவதாக அனுப்பிய புத்தகம், இங்கே ரங்கூனில் 1937 முதல் ‘ஜோதி’ இதழ் நடத்திய வெ. சாமிநாத சர்மா 1942 போரில் மனைவியோடு இந்தியாவுக்கு நடந்த பயணத்தைப் பற்றியது. எழுந்து நிற்க முடியாத நாளில் அதைப் படித்தேன். வழியெல்லாம் நடந்துபோன அத்தனை பேரையும் நினைத்துக்கொண்டேன். மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரைக்கும் போனேன்.

தடின்ஜூட் அன்று இங்கே பெரியவர்களிடம் போய் மண்டியிட்டுக் கும்பிட்டு, செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்டு ஆசி வாங்குவார்கள். தெருவெல்லாம் விளக்கு வைத்திருந்தார்கள். அண்ணா முன்னால், அண்ணி பின்னால், நடுவில் நான். நாற்பது நிமிடம் ஆயிற்று. இரண்டாம் மாடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

ஏழு மாதம் அவருடைய உச்சந்தலையைத்தான் பார்த்திருந்தேன். எதிரில் நின்றபோது உயரமாக இருந்தார். பழத்தட்டை நீட்டினேன். மண்டியிட முயன்றதும் பதறி எழுந்து இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். நின்றபடியே கும்பிட்டேன். ஆசி சொல்லும்போது அவருக்குக் குரல் எழவில்லை. டீக்கடையிலிருந்து ஸ்டூல் வந்தது. கோழி விற்கும் அம்மா என் முழங்காலைத் தடவிக்கொண்டே, அந்தக் குதிரைக்காரப் பையன் இளவரசியைக் கட்டிக்கொண்டானா என்று கேட்டார். கடைசிச் சீட்டை அந்த அம்மா ஊருக்குப் போயிருந்த நாளில் வாசித்திருக்கிறார்கள்.

கோயில் வகுப்புப் பிள்ளைகளுக்கு இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கதை வாசிப்பேன். இதைச் சாமி முன்னால் சொல்லிவிட்டேன், உங்கள் முன்னாலும் சொல்கிறேன். கால் இன்னும் கொஞ்சம் தேறியதும் ஊலேயையும் அவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு பகான் போகவேண்டும், அவர்களுடைய கோபுரங்களுக்கு நடுவே நம் எழுத்தைக் காட்ட.

தட்டோன் ஐயாவின் ஐந்து பைண்டுகளும் துணியில் சுற்றித் தயாராக இருக்கின்றன, திங்கட்கிழமை பஸ்ஸில் அண்ணாவே கொண்டுவருகிறார். ஒரு பக்கம்கூட மடங்கவில்லை ஐயா. நேற்று மாலை விளக்கோடு வந்த சீட்டில் அடுத்த கதை எது என்று ஊலே கேட்டிருக்கிறார். உங்களில் யாரிடம் நல்ல புத்தகம் இருந்தாலும் அனுப்புங்கள், பத்திரமாகத் திருப்பித் தருவேன். யானை வருகிற கதையாக இருக்கவேண்டுமாம்.

என்றும் உங்கள் அன்பு மறவாத,
நாலாம் மாடித் தங்கை