கழிவறைக்குப் போக எதற்கு அனுமதி?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பெருங்குடல் அழற்சி. சீட்டில் ‘அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்’ என்று எழுதுகிறார்கள். குடலின் உட்பக்கம் புண்ணாகி ரத்தமும் சளியுமாகப் போகும். சில மாதம் அடங்கியிருக்கும், பிறகு கிளம்பும். சூட்டினால் வருவதில்லை, யாருக்கும் ஒட்டாது. மோரில் வெந்தயம் போட்டுக் குடிக்கச் சொல்லும் உறவுக்காரர்களிடம் இதைச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

மாத்திரை, ரத்தப் பரிசோதனை என்று புதுச்சேரிக்குப் போய்வருகிறோம். ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று வழியில் எந்த பெட்ரோல் பங்கில் கழிவறை திறந்திருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். அதைக்கூடச் சமாளித்துவிடுகிறோம். சமாளிக்க முடியாதது பள்ளிக்கூடம்.

இந்த நோயில் அவசரம் வந்தால் அடக்க முடியாது. அந்த நேரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். “இப்பதானே போயிட்டு வந்த?” என்ற கேள்விக்கு மொத்த வகுப்பின் முன்னால் பதில் சொல்ல வேண்டும். பின்பெஞ்சில் சிரிப்பு. அதற்குப் பயந்து காலையில் சாப்பிடாமலே போகிறாள், தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வருகிறது. ஏற்கெனவே ரத்தம் போய்ச் சோகை பிடித்த பிள்ளை.

சீருடைச் சுடிதார் பேன்ட்டில் நாடாவை எடுத்துவிட்டு எலாஸ்டிக் வைத்தேன். முடிச்சு அவிழ்க்கும் நேரம் மிச்சம். டாப்ஸின் உட்பக்கம் ஒரு பை தைத்தேன், மாற்று உள்ளாடை வைக்க. தையல்காரி அம்மாவால் முடிந்தது அவ்வளவுதான்.

நோய் கிளம்பியபோது ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அதில் முகம் உப்பும், பரு வரும், தூக்கம் கெடும், காரணமில்லாமல் அழுகையும் கோபமும் வரும். பதினாறு வயதில் இது சாதாரணமா? வகுப்பு போட்டோ எடுத்த அன்று வயிற்றுவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். அன்றைக்கு வயிற்றுவலி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பரிசோதனைக்குப் போனால் எடை பார்க்கிறார்கள், ஹீமோகுளோபின் பார்க்கிறார்கள். எத்தனை தடவை வெளியே போனாய் என்று கேட்கிறார்கள். தூங்குகிறாயா, சிநேகிதிகளோடு பேசுகிறாயா என்று ஒரே ஒரு செவிலியர்தான் கேட்டார். அன்றைக்கு அவரிடம் அவள் பேசியதில் பாதி எனக்கே புதிது. பிறகு 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அவளே பேசினாள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. இந்த எண்ணைக் குடல் மருத்துவப் பிரிவுகளில் சுவரில் ஒட்டலாம். மருத்துவரே வாய்திறந்து கேட்டால் இன்னும் நல்லது.

பள்ளிக் கல்வித்துறைக்கு என் கோரிக்கை பெரிதல்ல. மருத்துவச் சான்று கொடுத்த பிள்ளைக்கு ஓர் அட்டை கொடுங்கள். அதை மேசைமேல் வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் எழுந்து போகட்டும். கதவோரம் இடம் கொடுங்கள். தேர்வு அறையில் வெளியே போய்வந்த நேரத்தைக் கடைசியில் கூட்டிக் கொடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் இந்த நோய் இல்லை, அதனால் அந்தச் சட்டப்படியான தேர்வுச் சலுகை தானாகக் கிடைப்பதில்லை. ஆனால் முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைகள் தேர்வு அறைக்குத் தின்பண்டம் கொண்டுபோக சி.பி.எஸ்.இ. 2017-இல் அனுமதித்ததே! மனமிருந்தால் விதி வளைகிறது.

(இந்தக் கடிதத்தை மகளிடம் காட்டினேன். இரண்டு வரியை அடித்துவிட்டுத்தான் அனுப்பச் சொன்னாள்.)

அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு சுற்றறிக்கை வந்தால் நல்லது. பெண்கள் கழிவறைக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும், குழாயில் தண்ணீர் வரவேண்டும், வகுப்பு நேரத்தில் பூட்டக் கூடாது என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய் (பெயர் வெளியிட வேண்டாம்),
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.